கணினியின் நாவும் நமது றகரமும்

எழுத்தென்று நம் இலக்கணகாரர் முதலிற் கொண்டது ஒலியையே. ஏட்டிலே தோன்றுவது அவ்வொலிக்கு இட்ட வடிவம். கணினியின் வரலாறோ இதற்கு மறுதலை. வரிவடிவம் அதற்குத் தொடக்கத்திலேயே கைவந்தது; வாய் திறக்கப் பெரும்பாடு பட்டது. அந்தப் பாட்டை அறிந்துகொள்வது தமிழ் படிப்போர்க்கு வீண்வேலை அன்று.

1977 இல் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டாம் அப்பிள் என்னும் கணினியிலே சிறிய ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதன் சவ்வை முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம், அவ்வளவே. உரக்க என்பதும் மெல்ல என்பதும் அதற்கு இல்லை. 'டிக்' என்னும் ஓரொலியை விரைந்து விரைந்து எழுப்பி, அதனைச் சுரமென்றும் சொல்லென்றும் செவி மயங்குமாறு செய்தல் வேண்டும். மற்றைய இடர் இடம் பற்றியது. தொலைபேசியிற் கேட்கும் தரத்திலே ஒரு குரலை எண்களாக்கி வைப்பதற்கு விநாடி ஒன்றுக்கு 8000 பைற்று செல்லும். அக்கணினியின் நெகிழ்தட்டு ஒன்று கொள்வதோ ஏறத்தாழ 1,43,000 பைற்று. பதினெட்டு விநாடியுள் தட்டு நிரம்பிவிடும். நிறுத்தி ஓதினால் மூன்று குறள். நாலாவது குறளுக்கு வேறு தட்டுத் தேடவேண்டும்!

இவ்விடரைத் தாண்ட இரு வழிகள் கண்டனர். வேண்டிய சொற்களை மாத்திரம், தரத்தைக் குறைத்துப் பதிந்து வைத்தல் ஒன்று. 1981 இல் மியூஸ் நிறுவனத்தின் சைலஸ் வோர்ணர் ஆக்கிய 'காசில் வுல்ஃபென்ஸ்ரைன்' என்னும் விளையாட்டிலே காவலாளர் ஜேர்மன் மொழியில் அதட்டுவது அவ்வாறு பதிந்த குரல். கரகரத்த குரல்தான், ஆயினும் மனிதக் குரல். மற்றையது, ஒலி பிறக்கும் விதியைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்து அதனையே பேசவிடுதல். 1982 இல் மார்க் பாட்டன் எழுதிய 'சாம்' இவ்வகை. 1984 ஜனவரி 24 இல் மக்கின்ரோஷ் கணினி அவையோர் முன் தன்னைத் தானே அறிமுகஞ்செய்து பேசியதும் அவர் பங்குகொண்டு ஆக்கிய மென்பொருளினாலேயே. பதிந்த குரலை எளிதிற் கேட்பிக்கும் 'சவுண்ட் பிளாஸ்ரர்' அட்டை 1989 இல் சிங்கப்பூர் நிறுவனமொன்றிலிருந்து வந்தபின் முதல்வழி அகன்றது.

தமிழுக்கு இவற்றுள் எது பொருந்தும்? 247 எழுத்தையும் ஒருவர் சொல்லப் பதிந்து, வேண்டியவாறு கோத்துவிட்டால் தமிழ் முழுவதும் வந்துவிடுமே என்று கெட்டிக்கார மாணாக்கர் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. வாராது. 'கல்' என்பதிலுள்ள ககரம் வேறு. 'அகல்', 'தங்கம்' என்பவற்றிலுள்ளவை வேறு வேறு. 'நடு' என்பதன் ஈற்றுகரம் ஒரு மாத்திரை. 'நாடு' என்பதன் ஈற்றுகரம் குறுகி அரை மாத்திரை. கண்ணிமைப்பொழுதையும் கைந்நொடிப்பொழுதையும் அளவுகோலாக்கித் தொல்காப்பியர் அளந்து வைத்த கணக்கு இங்கேதான் வேண்டப்படுகின்றது. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்து ஏ. ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர் 2001 இல் விளக்கிய 'திருக்குறள்' என்னும் பேச்சு மென்பொருள், உயிர்க்கும் உயிர்க்கும் இடையே மெய் நிற்கும் துண்டுகளைப் பதிந்து கோத்தது. ஒலியும் ஒலியும் கலக்கும் இடத்தைப் பிளவாது முழுதாக எடுத்தனர். புணர்ச்சி படித்தவர் இதைக் கேட்டு மகிழாதிரார்.

விதிவழியும் அழிந்துவிடவில்லை. ஜொனதன் டடிங்ரன் 1995 இல் ஏக்கோண் கணினிக்கென எழுதிய சிறிய மென்பொருளே பின்னர் 'ஈஸ்பீக்' ஆயிற்று. அதிலே தமிழும் உண்டு. பார்வையற்றவராகிய அவுஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006 இல் தொடங்கிய, திரையைப் படித்துக்காட்டும் இலவச மென்பொருள் அதனைத் தன் நாவாகக் கொண்டது.

கண்டாவளையிலே இது வேடிக்கைக் கதையன்று. 2009 இல், போரின் இறுதி மாதங்களிற் கண்ணிழந்த சிறுவன் ஒருவன் இன்று வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கும் இளைஞனாய் என்னிடம் பாடங்கேட்கின்றான். நூல்களை அவனுக்குக் கைத்தொலைபேசி படித்துக்காட்டும். அதற்கு எத்துணை நன்றி சொன்னாலும் தகும். ஆயினும் அக்குரல் நம் நாட்டுக் குரலன்று. 'காற்று' என்பதைக் 'காட்று' என்பதுபோல ஒலிக்கின்றது. அவன் தமக்கை ரொறன்ரோவிலிருந்து விடுக்கும் செய்தியிலே அவ்வூர்ப் பெயரை ரகரமாகவே உருட்டித் தள்ளுகின்றது. ஆங்கிலச் சொற்களின் நுனிநா வல்லொலியை ஈழத்தார் ரகர றகரங்களால் எழுதுவர் என்பது அதற்குத் தெரியாது. அவன் சிரிப்பான், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நுனிநா அண்ணத்தை ஒற்றப் பிறப்பது றகரம், வருடப் பிறப்பது ரகரம் என்று பிறப்பியல் பிரித்துரைக்கின்றது. இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 'வெற்றி' என்று வாசிக்கும்போதும் அந்த ஒற்றுதல் கேட்கும். நாளெல்லாம் இயந்திரத்தின் வாய்மொழியையே கேட்பவன் நாவில் அது எத்தனை நாளைக்கு நிற்கும்? அண்மையிலே அவனே 'வெற்றி' என்பதை இயந்திரம்போலச் சொல்லக் கேட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆதலால் நானும் அவனும் ஒரு சொற்பட்டியல் வகுத்து, நம்மவர் குரலிலே பதிந்துவருகின்றோம். மென்பொருள் வல்லார் எவரேனும் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். சொல்பவர் அயல்வீட்டு மூதாட்டியார். அதிகம் படித்தவரல்லர், றகரம் அவர் வாயிற் பிசகாது. மாலையிற் பரந்தன் பக்கமிருந்து திரும்பும் உழவு இயந்திரங்களின் ஓசை பதிவில் ஏறிவிடுகின்றது. அதனால் விடியற்காலையிலேயே வேலை. குற்றியலுகரச் சொற்கள் முடிந்தன. அடுத்த கிழமை றகரம்.