வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிள்

இமாசலப் பிரதேசத்தின் மலைச்சரிவுகளில், வீட்டை ஒட்டிய இரண்டொரு படிநிலங்களில் ஆப்பிள் மரம் வளர்ப்பது இன்று பெருவழக்காகும். கேப்டன் லீ என்னும் ஆங்கிலேயர் 1870-இல் குலு பள்ளத்தாக்கில் பந்த்ரோல் என்னுமிடத்தில் தோட்டம் அமைத்தார். எனினும், சிறு விவசாயியின் பணப்பயிராக ஆப்பிள் மாறுவதற்கு வழிகோலியவர், அமெரிக்காவிலிருந்து வந்து கோட்கட்டில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் ஆவார். 1916-இல் அவர் டெலிசியஸ் ரகக் கன்றுகளைக் கொணர்ந்து நட்டார். முன்பிருந்த ஆங்கில ரகங்கள் புளிப்பு மிகுந்தவை. இந்திய நாவுக்கு அவை ஏற்கவில்லை.

கோதுமையில் ரகம் பிழைத்துப் போனால் அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். விதைக்கன்றின் மீது ஒட்டிய ஆப்பிள் மரமோ காய்ப்புக்கு வரவே ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். அரை ஏக்கர் நிலமே உடைய குடும்பத்திற்கு இப்பிழை ஏறத்தாழ ஒரு தலைமுறையின் வருவாயை இழக்கச் செய்யும்.

ஆகவே முதலில் நோக்க வேண்டியது குளிராகும். ஆப்பிள் மரம் பனிக்காலத்தில் உறங்குகிறது. 7 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த வெப்பநிலையில் போதிய நேரம் கழிந்த பின்னரே மொட்டுகள் சீராக விழிக்கும். டெலிசியஸ் வகைகளுக்கு 1,000 மணி நேரத்திற்கும் மேற்பட்ட குளிர் தேவை. பனிக்காலம் குறுகி வருவதால், தாழ்ந்த உயரங்களில் இவ்வகை பொய்த்து, சாகுபடி மேல்நோக்கி நகர்ந்து வருகிறது. கீழ்மலைப் பகுதியினர் அன்னா, டார்செட் கோல்டன் ஆகிய குறைகுளிர் ரகங்களையோ, பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்.-99 ரகத்தையோ நாடலாம். (இவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.) இப்பழங்கள் டெலிசியஸ் போல நெடுநாள் தாங்குவதில்லை, ஆனால் மலைப்பழம் சந்தைக்கு வருமுன் ஜூன் மாதத்திலேயே பழுத்து விடுகின்றன. வீட்டுத் தேவைக்கு இதனால் குறையொன்றும் இல்லை.

பலரும் கவனியாது விடுவது மகரந்தச் சேர்க்கை. ராயல் டெலிசியஸ் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை; அதே ரகத்தில் நூறு மரங்கள் நின்றாலும் பயனில்லை. உடன் பூக்கும் வேறு ரகம் அருகில் வேண்டும். கோல்டன் டெலிசியஸ், ரெட் கோல்டு, டைடமன் ஆகியவை இதற்கு ஏற்றவை. தோட்டத்தில் நான்கில் ஒரு பங்கேனும் இவை இருத்தல் நலம். சந்தையில் விலை குறைவு என்று இவற்றை வெட்டி எறிவது, கணக்கறிந்தோர் செய்யும் செயலன்று. ஒரே மரத்திற்குத்தான் இடமுண்டு எனில், அதன் கிளையொன்றில் மாற்று ரகத்தை ஒட்டுக்கட்டலாம். அல்லது பூத்த கொப்புகளை நீர் நிரப்பிய பையிலிட்டு மரத்தில் தொங்கவிடலாம். தேனீக்கள் இன்றி இவ்வேற்பாடு எதுவும் பலிக்காது. அதனாலேயே பூக்காலத்தில் தேன்கூட்டுப் பெட்டிகள் வாடகைக்கு எடுக்கப்படுகின்றன. அந்நாட்களில் பூச்சிக்கொல்லி தெளித்தல் கூடாது.

மரத்தின் உருவை நிர்ணயிப்பது வேர்ச்செடி. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.9 மரத்தைக் குட்டையாக்கி, மூன்றாம் ஆண்டிலேயே காய்க்க வைக்கும்; ஆனால் ஊன்றுகோலும் பாசனமும் இன்றி நில்லாது. எம்.எம்.106 நடுத்தரமானது, நீர் தேங்கும் நிலத்தில் அதன் அடித்தண்டு அழுகும். மழையையே நம்பிய சரிவுகளுக்கு எம்.எம்.111 பொருந்தும்.

மரம் உறங்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையில் நடவேண்டும். ஒரு மீட்டர் ஆழ அகலக் குழியை ஒரு மாதம் முன்னரே தோண்டி, மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் இட்டு நிரப்புவது முறை. ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே ஒரு சாணாவது உயர்ந்திருக்க வேண்டும். அது புதைந்தால் ஒட்டே வேர்விட்டு, வேர்ச்செடியின் பயன் அற்றுப்போகும். கவாத்து பனிக்காலத்து வேலை. ஒளி உட்புகுமாறு கிளைகளை விலக்குதலே அதன் நோக்கம்.

1983-இல் இமாசலத்தில் சொறிநோய் கடுமையாகப் பரவிப் பெரும் சேதம் விளைந்தது. இந்நோயின் பூசணம் உதிர்ந்த இலைகளிலேயே பனிக்காலத்தைக் கழிக்கிறது. ஆதலால் இலையுதிர்காலத்தில் சருகுகளைக் கூட்டி அழிப்பதும், மொட்டு விழிக்கும் பருவத்தில் தொடங்கித் தோட்டக்கலைத் துறையின் அட்டவணைப்படி பூசணக்கொல்லி தெளிப்பதும் அவசியம். பக்கத்துத் தோட்டத்தாரும் அவ்வாறே செய்யாவிடில், ஒருவர் செலவிட்ட மருந்தின் பயன் பாதியாகிவிடும்.