இணையக் கடைக்கு எந்த மென்பொருள்? பணம் கட்டிய பிறகு நடப்பதைப் பார்த்து முடிவெடுங்கள்

திருப்பூரில் டி-சர்ட் தைத்து மொத்தமாக அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் பலர், சொந்த பிராண்டில் சில்லறையாகவும் விற்க இணையக் கடை தொடங்குகிறார்கள். மென்பொருள் விற்க வருபவர் அவர்களிடம் முதலில் காட்டுவது முகப்பு அழகைத்தான். அதைப் பார்த்து முடிவெடுத்தால் பின்னால் அவதிதான். முகப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டாக் கணக்கு, வரி, பணம் வந்து சேரும் வழி ஆகியவற்றைக் கடை ஓடத் தொடங்கிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

வாங்குபவர் எடுத்த பொருள்களை வைத்திருக்கும் கார்ட் என்பது அடிப்படையில் ஒரு ஞாபகம். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனவர் அதே ஆள்தானா என்பது வலைத்தளத்துக்குத் தானாகத் தெரியாது. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி குக்கீயை உருவாக்கியதே, ஓர் இணையக் கடையில் வாங்குபவர் எடுத்து வைத்த பொருள்கள் மறந்துபோகாமல் இருக்கத்தான். இன்றைய மென்பொருள்கள் அந்த ஞாபகத்தின் மேல் விலை, வரி, இருப்பு, கூரியர், ரிட்டர்ன் என்று அடுக்கிக்கொண்டே போயிருக்கின்றன.

கனடாவின் ஷாப்பிஃபை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் ஸோஹோ காமர்ஸ் போன்றவை சந்தா கட்டிப் பயன்படுத்துபவை. சர்வரும் அதன் பாதுகாப்பும் அவர்கள் பொறுப்பு. வேர்ட்பிரஸ் தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் வூகாமர்ஸ் 2011-ல் வந்தது. இலவசம், நிரலும் நம் கையில். ஆனால் ஹோஸ்டிங், பேக்கப், அப்டேட் எல்லாம் நம் தலையில். தீபாவளி நேரத்தில் தளம் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் சந்தா வழியில் போவதே நல்லது. அதிலும் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். ஷாப்பிஃபையின் சொந்தப் பணப் பரிவர்த்தனைச் சேவை இந்தியாவில் இல்லை. வேறு பேமென்ட் கேட்வே வழியாக வாங்கும்போது கேட்வேக்குக் கட்டும் கட்டணம் போக, ஷாப்பிஃபைக்கும் தனியாகக் கமிஷன் போகும். லாபம் குறைந்த சரக்கில் இது கடிக்கும்.

இனி சரக்கு. ஒரே டி-சர்ட், ஐந்து நிறம், ஆறு சைஸ் என்றால் மென்பொருளில் அது 30 தனித்தனி இருப்பு. நீலத்தில் எக்ஸ்எல் தீர்ந்தால் அது மட்டும் மறைய வேண்டும். கடைசி ஒன்றை இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுத்தால், யாருக்கு, எந்தக் கட்டத்தில் ஒதுக்குகிறது என்று கேளுங்கள். கார்ட்டில் போட்டதுமே ஒதுக்கிவிட்டால், வாங்காமல் போகிறவர்களால் சரக்கு முடங்கும். பணம் கட்டும் கட்டத்தில் சில நிமிடங்களுக்கு மட்டும் பிடித்து வைப்பதே சரி.

ஜிஎஸ்டியிலும் இப்படி ஒரு முடிச்சு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ஒரு பீஸ் ரூ.2,500 வரை 5%, அதற்கு மேல் 18%. வரிக்கு முன் ரூ.2,700 விலையுள்ள ஜாக்கெட்டுக்கு 10% தள்ளுபடி கொடுத்தால் ரூ.2,430 ஆகிறது, வரியும் 5 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். தள்ளுபடிக்கு முந்தைய விலையை வைத்தே வரி போடும் மென்பொருள் வாடிக்கையாளரிடம் அதிகமாக வாங்கிவிடும். ஆர்டர் கோவைக்குப் போனால் வரி மத்திய, மாநில வரியாகப் பிரிய வேண்டும். பாலக்காட்டுக்குப் போனால் ஒருங்கிணைந்த வரியாக விழ வேண்டும்.

நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்கச் சொல்வது யுபிஐ பரிவர்த்தனையை. வாடிக்கையாளர் கடைப் பக்கத்திலிருந்து யுபிஐ செயலிக்குப் போகிறார், பின் நம்பர் போடுகிறார், பணம் போகிறது. அந்த நேரத்தில் ஒரு போன் வருகிறது. பேசி முடித்தவர் கடைப் பக்கத்துக்குத் திரும்பவே இல்லை. அவர் திரும்பி வந்தால்தான் ஆர்டர் பதிவாகும் என்று எழுதப்பட்ட மென்பொருளில் அந்த ஆர்டர் நிலுவையிலேயே கிடக்கும். கணக்கில் பணம் பிடித்தாகிவிட்டது, கடையில் ஆர்டர் இல்லை. முதல்முறை வாங்கியவருக்கு இது மோசடியாகவே தெரியும்; தெரியாமல் எப்படி இருக்கும்? நல்ல மென்பொருள் பேமென்ட் கேட்வேயின் சர்வர் நேரடியாக அனுப்பும் வெப்ஹூக் தகவலை வைத்து ஆர்டரை உறுதி செய்யும். அந்தத் தகவல் வராவிட்டால் தானே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும். வாங்குவதற்கு முன் நீங்களே சோதிக்கலாம். குறைந்த விலையில் ஒரு பொருளை வைத்து, பணம் போனதும் கடைப் பக்கத்துக்குத் திரும்பாமல் பிரவுசரை மூடிவிடுங்கள். சில நிமிடங்களில் ஆர்டர் உறுதியாகி, ஸ்டாக்கிலும் ஒன்று குறைந்திருக்க வேண்டும். கார்டு எண்ணைக் கடையிலேயே சேமித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் கார்டு எண்ணைச் சேமிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை.

கூரியர் கட்டணத்துக்கு எடையை மட்டும் கேட்கும் மென்பொருளும் போதாது. பல கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும் எடையாகக் கணக்கிட்டு, இரண்டில் அதிகமானதற்குக் கட்டணம் போடுகின்றன. 40, 30, 20 என்ற அளவுள்ள பெட்டிக்குள் ஒன்றரைக் கிலோ சரக்கே இருந்தாலும் 4.8 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். அந்த வித்தியாசம் கடைக்காரர் கையிலிருந்துதான் போகும்.

கடைசியாக, வெளியேறும் வழி. மெஜென்டோ என்ற இணையக் கடை மென்பொருளின் முதல் பதிப்புக்கான ஆதரவை 2020 ஜூனில் அடோபி நிறுத்தியது. மாறாமல் இருந்த கடைகளில் ஏறத்தாழ 2,000 கடைகள் அந்தச் செப்டம்பரில் ஒரே வார இறுதியில் தாக்கப்பட்டன. செக்-அவுட் பக்கத்தில் கார்டு விவரங்களைத் திருடும் நிரல் செருகப்பட்டது. எந்த மென்பொருளும் ஒரு நாள் பழசாகும். சோதனைக் காலத்திலேயே பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் விவரங்களை இறக்கி எக்செலில் திறந்து பாருங்கள். போன் நம்பரும் வரி விவரமும் வந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். டொமைன், வடிவமைத்துக் கொடுத்தவரின் பெயரில் இல்லாமல், உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.