துரு அழிக்காத அடையாளம்

ஜெர்மனியில், பவேரியாவைச் சேர்ந்த உண்டர்மெஸிங் என்னும் சிற்றூரில், 1920-ஆம் ஆண்டு மரவேர் ஒன்றைத் தோண்டியெடுக்கையில், ஒன்றரை மீட்டர் ஆழத்தில், சுமார் 80 கிலோ எடையுள்ள இரும்புப் பிண்டம் ஒன்று அகப்பட்டது. அது விழக் கண்டவர் எவருமில்லை. ஆகாயத்தினூடே எரிந்து வரும் இரும்பின்மேல் படியும் கரிய மெல்லிய தோலை மண்ணின் ஈரம் நாளடைவில் தின்றுவிடுமாதலால், இத்தகைய பிண்டத்தைக் காண்பவர்க்கு இது பழைய உலைக்களத்து இரும்புக் கிட்டமோ என்ற ஐயமே முதலில் எழும். தலைமுறை தலைமுறையாக இரும்பு உருக்கிய தேசத்தில் அந்த ஐயம் நியாயமானதே.

ஐயம் தீர வழியுண்டு. கிட்டத்தை உடைத்தால் உள்ளே குமிழித் துளைகள் தெரியும். விண்ணிரும்பில் அவை அநேகமாக இரா. மேலும், விண்ணிரும்பில் நிக்கல் நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் குறைவாக இருப்பது அபூர்வம். அடுத்து, அறுத்து மெருகேற்றிய முகத்தில் நைட்ரிக் அமிலம் தடவினால், வியன்னாவில் 1808-இல் விட்மான்ஸ்டேட்டன் கண்ட பின்னற்கோடுகள் எழும். லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்லக் குளிர்ந்தாலன்றி உருவாகாத இக்கோடுகளை எந்தக் கொல்லனாலும் வார்க்க இயலாது. இப்பின்னலில் நிக்கல் குறைந்த உலோகமான காமசைட்டைத் துரு முதலில் பற்றும். நிக்கல் மிகுந்த உலோகமான டேனைட் பிந்தியே அழியும். ஆகவே உலோகம் பெரும்பாலும் துருவாகிவிட்ட துண்டிலுங்கூட அந்தப் பின்னலின் சாயல் புலப்படுவதுண்டு.

உண்டர்மெஸிங் இரும்போ இதிலும் ஒரு சங்கடம் வைத்திருந்தது. அதன் காமசைட் இழைகள் தலைமயிரளவே பருமன் கொண்டவை. பூதக்கண்ணாடி இன்றித் தெளிவாகா. விண்ணிரும்பு வகைகளுள் அதன் வகுப்பை நிர்ணயிக்க இரசாயனத்தின் துணை வேண்டியிருந்தது. ஜெர்மானியம், காலியம் முதலிய அருந்தனிமங்களின் அளவைக் கொண்டு இது இரண்டு-சி வகுப்பில் சேர்க்கப்பட்டது. உலகெங்கும் இவ்வகுப்பினைச் சேர்ந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. 2017-இல் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தார், மாலிப்டினம், டங்ஸ்டன் ஆகியவற்றின் ஐசோடோப்புகளை ஆராய்ந்து, இவ்வகுப்பும் இதனையொத்த வேறு சிலவும் வியாழனுக்கு அப்பால் திரண்ட பொருளிலிருந்து பிறந்தவை என்ற முடிவுக்கு வந்தனர். துருவேறிய பிண்டத்துக்கு இவ்வளவு தொலைவான பூர்விகம்!

ஜெர்மனியிலேயே கிடைத்த பிட்பர்க் விண்ணிரும்புக்கோ இவ்வாறு அடையாளம் காணப்படும் பாக்கியம் முழுமையாக வாய்க்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ட்ரியர் பிரதேசத்தில் கிடைத்த அந்த ஒன்றரை டன் இரும்பைச் சாதாரண இரும்பென்றெண்ணி உலையிலிட்டார்கள். உருகிவந்த உலோகம் வேலைக்கு உதவவில்லை. அதனுள்ளிருந்த பின்னலோ தீயோடு போயிற்று. உருக்கப்படாமல் தப்பிய சில துண்டுகளே இன்று சான்று.

நம் ஊர்ப் புறங்களிலும் பழைய கிட்டமேடுகள் உண்டு. அவற்றினிடையே அளவுக்கு மீறிக் கனக்கும், காந்தம் ஒட்டும், துளையற்ற துருக்கட்டி எதையேனும் காண்போர், அதை நெருப்பிலிடாமலும் சம்மட்டியால் அடிக்காமலும், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரிடம் காட்டுவது நலம்.