மலையே சாமி – 9: கொப்பரை ஏறும் பாதை

சென்ற வாரம் பெரு நாட்டின் அவ்சங்கத்தே மலையடியில் நிறுத்தியிருந்தோம். கெச்சுவா பேசும் மக்களுக்கு 6,300 மீட்டரையும் தாண்டி நிற்கும் அந்தப் பனிமலை காவல் தெய்வம். அதன் பக்கத்துச் சினகாரா பள்ளத்தாக்கில் நடக்கும் கோய்யுர் ரித்தி திருவிழாவில், கரடி வேடமிட்டவர்கள் இரவோடு இரவாகப் பனிமலை ஏறி, பனிக்கட்டியை வெட்டி முதுகில் சுமந்து இறங்குவது வழக்கம். மலையில் பனி குறையத் தொடங்கியதும் வெட்டுவதை விட்டுவிட்டார்கள். சாமியின் உடம்பு கரைகிறது, அதில் நாம் கை வைக்கக்கூடாது என்றுதான் அந்த மக்கள் இதைப் பார்த்தார்கள்.

அங்கிருந்து நேரே திருவண்ணாமலைக்கு வருகிறேன். 2,668 அடிதான் உயரம். ஆனால் இங்கும் மலைமேல் சாமி இல்லை, மலைதான் சாமி. அதனால்தான் 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறோம்.

கார்த்திகை தீபத்துக்கு முன்பே ஆளுயரக் கொப்பரையைக் கம்புகளில் கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றி உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். பாதை என்று சொல்கிறோமே தவிர, பல இடங்களில் அது பாறைக்குப் பாறை கால் வைக்கும் ஏற்றம். ஒருவர் கால் பிசகினால் பாரம் முழுக்க அடுத்தவர் தோளில் இறங்கும். தீபம் ஏற்றும் உரிமை பருவதராஜ குலத்தாருக்கு. சுமார் 3,500 கிலோ நெய், திரிக்கு 1,000 மீட்டர் காடாத் துணி. தீபம் 11 நாள் எரியும். கொப்பரையில் படிந்த மை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்டு, பிறகு பக்தர்களுக்குக் கிடைக்கும்.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் மண்ணும் பாறையும் வந்து விழுந்தன. ஏழு பேர் உயிரிழந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். தீபத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். வல்லுநர்கள் மலையைப் பார்வையிட்டார்கள். நீர் குடித்து இளகிய சரிவில் கூட்டம் ஏறுவது ஆபத்து என்று முடிவாகி, அந்த ஆண்டு பக்தர்களுக்கு மலையேற அனுமதி இல்லை. டிசம்பர் 13 மாலை ஆறு மணிக்குத் தீபம் எரிந்தது. ஊரே கீழே நின்று அரோகரா சொன்னது.

மனம் நொந்தவர்கள் உண்டு. வருஷா வருஷம் ஏறியவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்தத் தடை சரி என்றே நினைக்கிறேன், பக்திக்கு அது குறைவில்லை. என் வருத்தம் வேறு. பக்தர் ஏறுவது ஒரு நாள். அடிவாரத்தை வெட்டி வீடு கட்டி வருவதோ ஆண்டு முழுதும். மழைநீர் இறங்கும் ஓடைகளை அடைத்துவிட்டு, இறங்கும் நீரை எங்கே போகச் சொல்வது? அங்கே குடியிருப்பவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். மேட்டில் இடம் தேடுகிறவர் பெரும்பாலும் வேறு இடம் வாங்க வழியில்லாதவர். அவர்களுக்குப் பாதுகாப்பான மாற்று இடம் தருவதும் மலைக்குச் செய்யும் திருப்பணிதான், கோபுரத்துக்கு வண்ணம் பூசுவதைவிட அவசரமானது.

நம்பிக்கை தரும் வேலையும் நடந்திருக்கிறது. விறகுக்கு வெட்டியும் கோடைத் தீயில் கருகியும் மொட்டையாகிக் கிடந்த சரிவுகளில் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டுவருகிறார்கள். நட்டதோடு வேலை முடிவதில்லை. கோடைக்கு முன் காய்ந்த புல்லை அகலப் பட்டையாகச் செதுக்கி எடுத்தால்தான் தீ தாண்டாது. நட்ட கன்று வேர் ஊன்றி மண்ணைப் பிடிக்க ஆண்டுகள் ஆகும், அதுவரை ஒவ்வொரு கோடையிலும் இந்தப் பட்டையைச் செதுக்க ஆள் வேண்டும்.

(தொடரும்)