தோல்விக்கு ஒரு விலை

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பின்லாந்து தேசத்தைச் சேர்ந்த ரோவியோ என்னும் நிறுவனம், ரசிகர்கள் விரும்பி வாங்கிக்கொண்டிருந்த தன் சரக்கு ஒன்றைத் தானே கடையிலிருந்து எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. கைபேசி ஆட்டங்கள் என்றவுடனே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் 'ஆங்கிரி பேர்ட்ஸ்' ஆட்டத்தின் பழைய உருவமே அந்தச் சரக்கு. பழையது கடைகளிலிருந்து மறைந்துவிட்டதே என்று ரசிகர்கள் விடாமல் முறையிட்டதன்பேரில், புதிய கருவிகளில் ஓடும்படி அதைத் திரும்ப அமைத்து, 2022 மார்ச் மாதக் கடைசியில், ஒரு டாலருக்கு ஒரு சென்ட் குறைவான கிரயத்திற்கு வெளியிட்டிருந்தார்கள். ஓராண்டுகூட நிறைவதற்கு முன்னால், கூகுள் பிளே கடையிலிருந்து அது அடியோடு நீங்கிற்று. ஆப்பிள் கடையிலோ, பிரசித்தி பெற்ற தன் பெயரை இழந்து, 'ரெட்ஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' என்ற வேறு பெயரில் தங்கியது. தன்னுடைய மற்ற ஆட்டங்களை இது பாதிக்கிறது என்பதே நிறுவனம் சொன்ன காரணம்.

ஒருமுறை காசு கொடுத்து வாங்கிவிட்டால் மறுபடி எதுவும் கேட்காத ஓர் ஆட்டம், அதே குடும்பத்தைச் சேர்ந்த இலவச ஆட்டங்களுக்கு இடைஞ்சலாக இருந்தது என்றால், அந்த இலவசத்தின் தன்மை என்ன என்று விசாரிப்பது அவசியமாகிறது.

முதல் 'ஆங்கிரி பேர்ட்ஸ்' 2009 டிசம்பரில் ஐபோனுக்காக வெளிவந்தது. அதற்கு முன் 51 ஆட்டங்களைச் செய்து பார்த்தும் பெரும் பாக்கியத்தைக் காணாத ரோவியோவுக்கு, இந்த 52-ஆவது ஆட்டம் உலகப் புகழைத் தேடிக் கொடுத்தது. முட்டைகளைத் திருடிக்கொண்டு, மரமும் கல்லும் கண்ணாடியுமான கோட்டைகளுக்குள் பதுங்கியிருக்கும் பச்சைப் பன்றிகளை, கவணில் வைத்து எறியப்படும் பறவைகள் மோதி வீழ்த்த வேண்டும்; ஆட்டம் இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கோட்டையின் அமைப்பும், பறவைகளின் வரிசையும் என்றும் மாறாதவை. ஆகவே, நேற்று இழுத்த இழுப்பை இன்று ஒரு மயிரிழை கூட்டியோ குறைத்தோ இழுத்துப் பார்த்து, எந்தப் பலகையைத் தட்டினால் மேல்தளம் முழுவதும் சரியும் என்று கண்டுபிடித்து, கடைசியில் மூன்று நட்சத்திரங்களையும் வாங்கும்போது, அந்த வெற்றி தன் சொந்தச் சாமர்த்தியத்தால் கிட்டியது என்பதில் ஆடுகிறவனுக்குச் சந்தேகமே எழாது. கட்டத்தைத் தாண்ட முடியாமல் திகைக்கிறவர்களுக்காக 'மைட்டி ஈகிள்' என்ற பெருங்கழுகு ஒன்று பின்னால் விற்பனைக்கு வந்தது உண்மை. ஆனால் அதையும் ஒருமுறை வாங்கினால் போதும்.

ஆட்டத்திற்குள்ளேயே கடை விரிக்கும் வசதியை ஆப்பிள் நிறுவனம் ஏற்படுத்தியதும் அதே 2009-ஆம் ஆண்டில்தான். ஜூன் மாதத்தில், விலை கொடுத்து வாங்கும் செயலிகளுக்கு மட்டுமே அந்த அனுமதி கிடைத்தது. அக்டோபரில் இலவசச் செயலிகளுக்கும் அது விஸ்தரிக்கப்பட்டது. 'இன்-ஆப் பர்ச்சேஸ்' என்று இன்று எல்லோரும் அறிந்திருக்கும் இந்த ஏற்பாட்டினால், வாசலில் கட்டணம் வாங்குவதை விட்டுவிட்டு, எல்லோரையும் உள்ளே அனுமதித்து, உள்ளே வந்தபின் சிறிது சிறிதாக வாங்குவதே அதிக லாபம் என்பதை வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். உள்ளே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு காசும் கொடுப்பதில்லை, கொடுக்கிறவர்கள் சிலரே, அந்தச் சிலருக்குள்ளும் கணக்குப் பார்க்காமல் கொட்டுகிற மிகச் சிலரை, 'திமிங்கிலங்கள்' என்றே இத்தொழிலில் குறிப்பிடுகிறார்கள். முதல் பாகத்தை ஒரே விலைக்கு விற்ற நிறுவனங்கள் இரண்டாம் பாகத்தை இலவசமாக வெளியிடத் தொடங்கியது இந்தக் கணக்கை நம்பித்தான்.

2015 ஜூலை 30-ஆம் தேதி வெளியான 'ஆங்கிரி பேர்ட்ஸ் 2' அத்தகைய இலவச ஆட்டம். சித்திரங்கள் முன்னிலும் அழகு. பறவைகளின் சேஷ்டைகளும் அதிகம். ஆனால் தோற்கும் போதெல்லாம் ஓர் உயிர் குறைகிறது. உயிர்கள் தீர்ந்துபோனால், அவை மறுபடி ஊறிவரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது ரத்தினங்களைச் செலவிட வேண்டும். ரத்தினங்கள் தீர்ந்தால் மெய்யான பணம். ஒரே ஒரு பன்றி எஞ்சியிருக்கும் தறுவாயில் பறவைகள் தீர்ந்துவிட்டாலோ, விளம்பரம் ஒன்றைப் பார்த்தால் இன்னொரு பறவை என்றும், ரத்தினம் கொடுத்தால் மேலும் ஆடலாம் என்றும் திரை ஆசை காட்டுகிறது. இவை எல்லாவற்றையும்விட நுட்பமான மாறுதல் ஒன்று உண்டு. தோற்ற கட்டத்தை மறுபடி ஆரம்பித்தால், முன்பிருந்த கோட்டை அங்கே இராது. வேறு அமைப்பு வந்து நிற்கும். ஒரே தடையோடு பலநாள் போராடிப் பழகும் இன்பம் இதனால் பறிபோயிற்று. தோற்றது தன் கைப்பிழையினாலா, அல்லது வாய்த்த அமைப்பின் பொல்லாங்கினாலா என்று நிச்சயிக்கவும் வழியில்லாமற் போயிற்று.

விளையாடுகிறவர்களின் கோபத்திற்கு வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பணம் கேட்கிறார்களே என்பது மேலெழுந்த ஆக்ஷேபணை மாத்திரம். சதுரங்கத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவனே, நாம் இழந்த குதிரையையும் யானையையும் நமக்கு விலைக்கு விற்கிறவனாகவும் இருந்தால், அவன் எவ்வளவு யோக்கியனாக இருந்தபோதிலும், அவனுடைய ஒவ்வொரு நகர்த்தலிலும் வியாபார நோக்கம் இருக்குமோ என்று நம் மனம் சந்தேகிக்காமல் இராது. கஷ்டம் என்பது விளையாட்டின் உயிர். அந்தக் கஷ்டமே விற்பனைக்குரிய வஸ்துவான பிறகு, அதன் அளவு நம் மகிழ்ச்சியை உத்தேசித்து நிர்ணயிக்கப்பட்டதா, கல்லாப்பெட்டியை உத்தேசித்தா என்பதை வெளியிலிருந்து யாரும் அறிய முடியாது.

இந்த மனக்கசப்பு ஒரு நிறுவனத்தோடு நின்றதன்று. 2013 ஆகஸ்டில் ஐபோனுக்கு வந்த 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ் 2' ஆட்டத்தில், முதல் பாகத்தை வாங்கியவர்கள் ஆடி ஆடியே சம்பாதித்துக்கொண்ட செடிகளில் சில, ரொக்கப் பணத்திற்கு மட்டுமே கிடைப்பவையாக மாறியிருந்தன. பணமில்லாமலே ஆட்டத்தை முடிக்கலாம் என்பது மெய்யாயினும், பழைய தோழர்களுக்கு விலைச்சீட்டு ஒட்டியிருந்தது பலருக்கு உறுத்தலாகவே இருந்தது. 1997-இல் கணினியில் புகழ்பெற்ற 'டன்ஜன் கீப்பர்' ஆட்டத்தை, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2014-இல் கைபேசிக்குக் கொண்டுவந்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. அதில் ஒரே ஒரு பாறைக் கட்டியைக் குடைந்தெடுக்கச் சில இடங்களில் 24 மணிநேரம் பிடித்தது. காத்திருக்கப் பொறாதவர்கள் ரத்தினம் வாங்கினார்கள். ஆண்ட்ராய்டு பதிப்பில், எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டு, ஐந்து என்றவர்களைக் கடையின் மதிப்பீட்டுப் பக்கத்திற்கும், நான்கும் அதற்குக் குறைவும் என்றவர்களை நிறுவனத்திற்கே குறைகளை எழுதி அனுப்பும் பக்கத்திற்கும் திருப்பிவிட்ட உபாயத்தையும் பார்த்தபின், ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். மூல ஆட்டத்தைப் படைத்த பீட்டர் மோலினோவும் தம் அதிருப்தியை வெளியிட்டார். அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டனின் விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு, அதை வெறுமனே 'இலவசம்' என்று விளம்பரம் செய்தது தவறான எண்ணத்தை உண்டாக்கும் என்று தீர்ப்புக் கூறிற்று. நவம்பரில் ஆப்பிளும் தன் கடையில் 'ஃப்ரீ' என்றிருந்த பொத்தானை 'கெட்' என்று மாற்றிக்கொண்டது. ஆனால் பொத்தான் மாறியதேயொழிய வியாபாரம் மாறவில்லை.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஒரு டாலர் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் புதுக் கட்டங்களைச் சேர்ப்பதும், கைபேசிகள் மாறும்போதெல்லாம் ஆட்டத்தைத் திருத்தியமைப்பதும் எளிதன்று. 'மான்யுமென்ட் வேலி' என்னும் அழகிய புதிர் ஆட்டத்தைச் செய்த லண்டன் கலைஞர்கள், 2014 நவம்பரில், மறைவு ஒன்றும் இல்லாமல், புதிய அத்தியாயங்களை இரண்டு டாலருக்கு வெளியிட்டபோது, அதற்கும் பணமா என்று கேட்டு ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தூற்றியவர்கள் சிலரல்லர். நேராக விலை சொன்னவர்களுக்கு இந்த மரியாதை நடந்தால், வளைந்து வாங்குகிறவர்கள் ஏன் திருந்துவார்கள்?

மாற்று வழி இல்லாமலில்லை. மாதச் சந்தா செலுத்தினால், ஆட்டத்திற்குள் கடையே இல்லாமல் ஆடலாம் என்ற ஏற்பாட்டுடன் 2019-இல் தொடங்கிய ஆப்பிள் ஆர்கேடில், 2021-இல் 'ஆங்கிரி பேர்ட்ஸ் ரீலோடட்' வந்து சேர்ந்தது. அங்கே சந்தா முன்கூட்டியே வந்துவிடுவதால், தோல்வியை விற்கவேண்டிய நிர்ப்பந்தம் நிறுவனத்திற்கு இல்லை. ஆகையால், இரண்டாம் பாகங்களைப் பற்றிய புலம்பலில் பாதியை வியாபாரிகளிடம் சொன்னால், மறுபாதியை நாம் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும்: ஒரு கோப்பைக் காப்பிக்கு யோசிக்காமல் கொடுக்கும் தொகையை, பல நாள் மகிழ்விக்கப்போகும் ஆட்டத்திற்கு வாசலிலேயே கொடுக்க மனம் வராதவரையில், உள்ளே கடை விரிக்கத்தான் செய்வார்கள்.