குண்டு சிறிது, குறி பெரிது!

சேலம் மாவட்டம், ஜலகண்டாபுரத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளும் உடன் வந்திருந்தாள். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றதைப் பார்த்த நாள் முதல், கைத்துப்பாக்கி சுடும் போட்டியில் சேர வேண்டும் என்பதே அவளது கனவாக இருக்கிறது.

தந்தை தயங்கியபடியே கேட்டார்: "கடன் வாங்கித்தான் வாங்கணும். வாங்குறதே வாங்குறோம், கொஞ்சம் பெரிய குண்டு போடுறதா வாங்கிட்டா நல்லதுங்களா சார்?"

சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடிய கேள்வி அல்ல இது. பெரிய குண்டு என்றால் பெரிய வெற்றி என்கிற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. திரைப்படங்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம் அது.

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிப்பதே 'காலிபர்' என்னும் அளவு. பாயிண்ட் 22 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு, ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். பாயிண்ட் 32 என்பது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். எண் கூடினால் குண்டும் பெரிதாகும். வேட்டைத் துப்பாக்கியின் '12 போர்' கணக்கு மட்டும் தலைகீழ்: ஒரு பவுண்டு ஈயத்தில் குழலின் வாய்க்குப் பொருந்தும் எத்தனை உருண்டைகள் செய்யலாம் என்பதே அந்த எண். தறிக்காரருக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்பதுதானே பருத்தி நூலின் எண்! எண் ஏற ஏற நூல் மெலியும். இங்கே குழல் சிறுக்கும்.

சர்வதேசப் போட்டிகளில் விரும்பிய குண்டைப் பயன்படுத்த முடியாது. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டிக்கு 4.5 மி.மீ. ஈயக் குண்டு. மகளிருக்கான 25 மீட்டர் போட்டி, ஆடவருக்கான 25 மீட்டர் அதிவேகப் போட்டி இரண்டுக்கும் பாயிண்ட் 22. ஒலிம்பிக்கில் இடம்பெறாத 25 மீட்டர் 'சென்டர் ஃபயர்' போட்டியில் மட்டுமே 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரை தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு.

அந்த உரிமை கிடைத்தும் தேர்ந்த வீரர்கள் பலர் எடுப்பது பெரிய குண்டை அல்ல. மென்மையான பாயிண்ட் 32 தோட்டாவையே. காரணம், எளிய இயற்பியல். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். அரை கிராம் எடையுள்ள காற்றுத் துப்பாக்கிக் குண்டைவிடப் பாயிண்ட் 22 குண்டின் உந்தம் ஏறத்தாழ பத்து மடங்கு. பாயிண்ட் 32-இல் அது ஏறத்தாழ இருபது மடங்கு. உதைப்பு கூடக் கூட, அடுத்த குண்டுக்குள் கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் நேரமும் கூடும். நான்கே விநாடிகளில் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டிய அதிவேகப் போட்டியில் இதுவே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியில் வெள்ளி வென்ற நமது ராணுவ வீரர் விஜய் குமார் சுட்டதும் பாயிண்ட் 22-தான்.

பெரிய குண்டு பெரிய துளையிடும். வளையத்தின் கோட்டைத் தொட்டுக் கூடுதல் புள்ளி தருமே எனலாம். அதையும் விதி அடைத்துவிட்டது. காகித இலக்கில் ஐயம் எழுந்தால், சுட்ட குண்டு எந்த அளவாயினும், சென்டர் ஃபயர் போட்டியில் 9.65 மி.மீ. அளவுகோலைக் கொண்டே சரிபார்ப்பார்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் கடும் காய்ச்சலுடன் நின்று இப்போட்டியில் 590 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார் ஜஸ்பால் ராணா. பாரீஸில் மனு பாக்கரின் பயிற்சியாளரும் அவரே.

என் அனுபவமும் உண்டு. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தபோது பாயிண்ட் 22 ரைஃபிளில் ஓரளவு நன்றாகவே சுட்டேன். பின்னர் நண்பர் ஒருவருடன் பயிற்சிக் களத்துக்குச் சென்று பாயிண்ட் 32 கைத்துப்பாக்கியை எடுத்தேன். முதல் குண்டின் உதைப்புக்குப் பிறகு, விசையைத் தொடும் முன்பே என் மணிக்கட்டு தானாகத் தாழ்ந்தது. உதைப்பை எதிர்பார்த்து உடல் செய்யும் தற்காப்பு அது. எல்லாக் குண்டுகளும் இலக்குக்குக் கீழே போயின. தொடக்கத்திலேயே இப்பழக்கம் ஒட்டிக்கொண்டால் நீக்குவது கடினம்.

சட்டத்தின் பார்வையும் உண்டு. 1959 ஆயுதச் சட்டப்படி பாயிண்ட் 22, பாயிண்ட் 32 துப்பாக்கிகளுக்கு உரிமம் கட்டாயம். 9 மி.மீ. போன்ற படைத்துறை அளவுகள் தடைசெய்யப்பட்ட வகை. 21 வயது நிரம்பாதோர் உரிமம் பெற இயலாது. விதிகளுக்கு உட்பட்ட பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால், 2016 ஆயுத விதிகளின்படி, ஆற்றல் வரம்புக்கு உட்பட்ட 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதற்காக அது விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. கண்ணைப் பறிக்கும் வலிமை அதற்கு உண்டு.

ஆகவே, நான் சொன்ன விடை 4.5 மி.மீ. அதையும் இப்போது வாங்க வேண்டாம் என்றேன். போட்டித் தரமுள்ள இறக்குமதித் துப்பாக்கியின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். முதல் ஓராண்டு ரைஃபிள் கிளப்பின் துப்பாக்கியிலேயே பழகட்டும். கடன் அதுவரை காத்திருக்கட்டும்.

ஆனால், அந்தக் கிளப்புக்கு ஜலகண்டாபுரத்திலிருந்து பேருந்தேறிப் போய்வரத் தறி ஓட்டும் நேரத்தில் பாதி போய்விடும். 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது திரண்ட கூட்டத்தை நாடே பார்த்தது. அந்த ஆர்வம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாக மாற வேண்டும். காற்றுத் துப்பாக்கிக்குப் பெரிய மைதானம் தேவையில்லை. 10 மீட்டர் தொலைவுக்கு இடம் தரும் கூடம், குண்டு தடுக்கும் சுவர், பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளர், பூட்டி வைக்க ஓர் இரும்பு அலமாரி போதும். ஒன்றியத்துக்கு ஓர் அரசுப் பள்ளியிலாவது இதை அமைக்க விளையாட்டுத் துறை முன்வர வேண்டும்.

புறப்படும்போது, அதுவரை வீட்டில் என்ன செய்வது என்று கேட்டாள் அந்தச் சிறுமி. நிரம்பிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரே கையில் நீட்டிப் பிடித்து, சுவரில் இட்ட புள்ளியை நோக்கி அசையாமல் நிற்கச் சொன்னேன். அந்தக் காற்றுத் துப்பாக்கியின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே. முதல் நாள் இருபது விநாடி நின்றாளாம். கடந்த வாரம் அவளது தந்தை சொன்னார்: "இப்ப ஒரு நிமிஷம் நிக்கிறாங்க சார்."