டாங்கிக்கு எந்த பெயிண்ட்? எந்த அழுக்கு?



நான் செய்த டாங்கி மாடலைப் பார்த்தவங்க ரெண்டு கேள்வி கேட்டீங்க. "இதுக்கு என்ன பெயிண்ட் அடிச்சே?" என்பது ஒன்று. "ஏன் இவ்வளவு அழுக்கா இருக்கு, கழுவலையா?" என்பது இன்னொன்று. ரெண்டுக்கும் சேர்த்து பதில் எழுதச் சொல்லி தமிழ் மிஸ் இந்த முழுத் தாளையும் எனக்கே கொடுத்துட்டாங்க. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

(டாங்கி என்றால் மாடியில் இருக்கும் தண்ணி டேங்க் இல்லை, சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் பீரங்கி வண்டி!)

நம்ம பக்கத்து ஊர் சமாச்சாரம்

டாங்கி என்றதும் ஹாலிவுட் படம்தான் நிறைய பேருக்கு ஞாபகம் வருது. ஆனால் அனகாபுத்தூரில் பஸ் ஏறி, பூந்தமல்லி வழியா போனால் ஆவடி. அங்கே உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் 1960-களில் இருந்து விஜயந்தா டாங்கியும், பிறகு டி-72 அஜேயா, டி-90 பீஷ்மா, அர்ஜுன் எல்லாமும் தயாராகின. அர்ஜுனை வடிவமைத்த ஆராய்ச்சி நிறுவனமும் ஆவடியில்தான் இருக்கிறது. அர்ஜுன் மார்க் 1-ஏ டாங்கியை ராணுவத்திடம் ஒப்படைத்த விழா 14-2-2021 அன்று சென்னையில்தான் நடந்தது.

எங்க மாமா ஆவடியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நான் பச்சை அடித்து, கண்ட இடத்தில் எல்லாம் துரு நிறம் வைக்கப் போனபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது எந்த ஊர்ல, எந்த நாள்ல நிக்கிற வண்டிடா?"

எந்த பெயிண்ட், எந்த அழுக்கு என்பதற்கெல்லாம் அந்தக் கேள்வியில்தான் பதில் இருக்கு. ஊரும் நாளும் முடிவானால் கடையில் என்ன வாங்கணும் என்பதும் தானாக முடிவாகிடும். இல்லைன்னா காசும் போகும், வண்டியும் பொய்யாகிடும்.

முதலில் அளவு

மாடல்களில் அதிகம் கிடைப்பது 1/35 அளவு. ஜப்பானின் டாமியா கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் பேட்டரியில் ஓடும் பாந்தர் டாங்கி மாடல் செய்தபோது, பேட்டரி உள்ளே அடங்கும்படி வைத்த அளவு இது. அதுவே பிறகு உலகம் முழுக்கப் பரவிடுச்சு. அர்ஜுன் பீரங்கிக் குழலோடு சேர்த்து சுமார் 10.6 மீட்டர் நீளம். 35-ஆல் வகுத்தால் 30 செ.மீ., அதாவது நம்ம பெரிய ஸ்கேல் நீளம்.

இந்தக் கணக்கு அழுக்குக்கும் பொருந்தும். அரை மி.மீ. மணல் துகள் ஒன்றை மாடலில் ஒட்டினால், நிஜத்தில் அது 1.75 செ.மீ. ஜல்லி! ஒரு மி.மீ. அகலத்துக்குக் கீறல் போட்டால் நிஜத்தில் 3.5 செ.மீ. பட்டை உரிந்ததாக அர்த்தம். அதனால் ஆற்று மணலை அப்படியே கொட்டக் கூடாது. பவுடர் போல சலித்த தூசிதான் சரி. கீறலுக்கு மிக மெல்லிய 000 ப்ரஷ் வேண்டும்.

பெயிண்டில் மூணு ஜாதி

1. அக்ரிலிக்: தண்ணீர் கலந்து அடிக்கலாம். நாற்றம் குறைவு, சீக்கிரம் காயும். வயஹோ, டாமியா எல்லாம் மாடலுக்கென்றே வருபவை. (டாமியா அக்ரிலிக்கில் ஆல்கஹால் இருக்கு, அதனால் கொஞ்சம் வாசனை வரும்.) நம்ம ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஃபெவிக்ரில், கேமல் அக்ரிலிக்கும் இதே இனம்தான்.

2. எனாமல்: டர்பன்டைனில் கரையும். மெதுவாகக் காயும். ஹம்ப்ரால் என்ற பிரிட்டிஷ் பெயிண்ட் குட்டி டப்பாவில் வரும். வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடிப்பதும் எனாமல்தான். ஆனால் அது ரொம்ப கெட்டி, பளபளப்பும் ஜாஸ்தி. மாடலில் உள்ள சின்னச் சின்ன போல்ட், மூடி எல்லாம் அதில் மூழ்கிடும்.

3. லேக்கர்: தின்னரில் கரையும். பிளாஸ்டிக்கை நல்லா பிடிச்சுக்கும். ஆனால் நாற்றமும் ஆபத்தும் அதிகம். நம்ம வயசுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

இதில் ஒரு விதியை மனப்பாடமே பண்ணிக்கலாம்: மேலே அடிப்பது கீழே இருப்பதைக் கரைக்கக் கூடாது. நல்லா காய்ந்த அக்ரிலிக்கை டர்பன்டைன் கரைக்காது. அதனால் அடியில் அக்ரிலிக், மேலே எண்ணெய்ச் சாயத்தில் அழுக்கு என்று போனால் தவறு வந்தாலும் துடைச்சுக்கலாம். அடியில் எனாமல் அடிச்சுட்டு மேலே டர்பன்டைன் தடவினால் அடி நிறமும் சேர்ந்து கிளம்பி வந்திடும். அக்ரிலிக் மேல் தின்னர் பட்டால் கதை முடிஞ்சுது! நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க. அதில் உள்ள அசிட்டோன் மாடலின் பிளாஸ்டிக்கையே உருக்கிடும்.

ஃபெவிக்ரில் மாதிரி சாயங்கள் வெறும் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் உரிந்து வரும். அதற்குத்தான் பிரைமர். டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சாம்பல் நிற ஸ்ப்ரே பிரைமர் கிடைக்கும். சில பிரைமர் பிளாஸ்டிக்கை அரிக்கும். அதனால் பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் ஃப்ரேம் குச்சியில் முதலில் அடிச்சுப் பாருங்க. மாடலை சோப்புத் தண்ணியில் கழுவிக் காயவைத்து, மொட்டை மாடியில், தூரத்தில் இருந்து பனி மாதிரி லேசாக ரெண்டு மூணு தடவை அடிக்கணும்.

பச்சையில் எந்தப் பச்சை?

இந்தியத் தர நிறப் பட்டியலில் (ஐ.எஸ். 5) ஆலிவ் கிரீனுக்கு 220 என்று எண். லைட் ஸ்டோன் 361, டார்க் பிரவுன் 412. பெயிண்ட் கடை ஷேட் கார்டில் இந்த எண்களைப் பார்த்து நிறத்தை மனசில் வாங்கிட்டு வந்து, அக்ரிலிக்கில் கலந்துக்கலாம். டாமியாவில் வாங்கினால் எக்ஸ்.எஃப்-62 ஆலிவ் டிராப், எக்ஸ்.எஃப்-59 டெசர்ட் யெல்லோ ரெண்டும் நல்ல ஆரம்பம்.

நிஜ வண்டியின் நிறத்தை அப்படியே குட்டி மாடலில் அடிச்சா கறுப்பாகத் தெரியும். ஒரு அடி தூரத்தில் மாடலைப் பார்ப்பது, நிஜ டாங்கியை 35 அடி தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். தூரம் போகப் போக நிறம் வெளுத்துத் தெரியும் இல்லையா? அதனால் பத்துச் சொட்டு பச்சைக்கு ஒண்ணு ரெண்டு சொட்டு மணல் நிறமோ வெள்ளையோ கலக்கணும்.

நம்ம ஊர் நெசவு ஊர். சாயம் போடுறவங்களைக் கேட்டுப் பாருங்க, ஈர நூலைப் பார்த்து நிறம் சொல்ல மாட்டாங்க, காயட்டும்னு சொல்வாங்க. பெயிண்டும் அப்படித்தான். அட்டையில் தடவி, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்க. ட்யூப் லைட்டில் முடிவு பண்ணாதீங்க.

மூணு வண்டி, மூணு அழுக்கு

மாமாவின் கேள்வியை வச்சு மூணு உதாரணம் பார்ப்போம்.

*அசல் உத்தர், பஞ்சாப், செப்டம்பர் 1965:* கேம்கரண் பக்கம் நடந்த இந்தப் போரில் கால்வாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வயல்களைச் சேறாக்கினாங்க. பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் அந்தச் சேற்றில் மாட்டிக்கிட்டன. அப்போ பாட்டன் மாடலுக்கு என்ன வேணும்? சக்கரம், சங்கிலி, அடிவயிறு எல்லாம் கெட்டிச் சேறு. ஈரச் சேறு கரும்பழுப்பு, காய்ந்தது வெளிர் பழுப்பு. ரெண்டும் கலந்து இருக்கணும். மேலே கூரை வரைக்கும் சேறு அப்பினால் அது டாங்கி இல்லை, எருமை!

*லோங்கேவாலா, ராஜஸ்தான், டிசம்பர் 1971:* தார்ப் பாலைவனம். இங்கே சேறு வராது. வெளிர் மஞ்சள் தூசி எல்லா மூலையிலும் படிந்திருக்கும். மணலில் ஓடி ஓடி சங்கிலி தேய்ந்து பளபளன்னு இருக்கும். 6பி பென்சிலை அந்த விளிம்புகளில் தேய்த்தால் அச்சு அசலாக இரும்பு மின்னும்.

*அர்ஜுன், ஆவடியில் இருந்து வெளியே வந்த நாள்:* புது வண்டி. பச்சையும் மணல் நிறமும் சுத்தமாக இருக்கும். சங்கிலியில் மட்டும் கொஞ்சம் தூசி போதும். துரு வைத்தால் அதைச் செய்த தொழிலாளிகளுக்கே அவமானம்.

ஒரே கடையில் வாங்கிய ஒரே 'துரு செட்'டை மூணுக்கும் தடவ முடியாது என்பது இப்போ புரிஞ்சிருக்கும். தாம்பரம் பக்கத்துச் செம்மண்ணும் இந்த முதல் ரெண்டு வண்டிக்கும் ஆகாது. அந்த ஊர் மண்ணின் நிறமே வேற.

என்ன பொருள், எதுக்கு?

வெளிநாட்டு பாட்டில்களில் பல பெயர் போட்டிருக்கும். பயப்பட வேண்டாம், வேலை இவ்வளவுதான்:

• வாஷ்: இடுக்குகளில் ஓடி நிழல் காட்டும் கரும்பழுப்புத் தண்ணீர். பர்ன்ட் அம்பர் எண்ணெய்ச் சாயம் துளியூண்டு, டர்பன்டைன் நிறைய. இதுவே போதும். அடியில் கிளாஸ் வார்னிஷ் இருந்தால் நல்லா ஓடும். குளம் கட்ட விடாதீங்க, டர்பன்டைன் தேங்கினால் ஒட்டின இடத்தில் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

• டிரை பிரஷ்: ப்ரஷில் இருக்கும் பெயிண்டை பேப்பரில் துடைச்சுட்டு, மிச்ச சொச்சத்தை விளிம்பில் தேய்ப்பது. செலவே இல்லை.

• சிப்பிங்: பெயிண்ட் உரிந்த இடம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் துண்டால் ஒற்றலாம். வீரர்கள் ஏறி இறங்கும் இடம், மூடி விளிம்பு, இங்கே மட்டும்.

• பிக்மென்ட்: தூசிப் பவுடர். சாக் பேஸ்டலை பிளேடால் சுரண்டினால் அதேதான். வச்சுட்டு ஒரு சொட்டு டர்பன்டைன் விட்டால் உட்கார்ந்துக்கும். அதன் மேல் வார்னிஷ் அடிச்சா தூசி காணாமலே போயிடும்.

துருவுக்குத் தனி எச்சரிக்கை. இரும்பு, தண்ணீர், காற்று மூணும் சேரணும், மேலே பெயிண்ட் இருக்கக் கூடாது. புகைக்குழாய், சங்கிலி, இழுவைக் கம்பி இங்கெல்லாம் வரும். எம்-113 என்ற அமெரிக்க கவச வண்டியின் உடம்பு அலுமினியம். அதில் ஆரஞ்சு நிறத் துரு வச்சா கெமிஸ்ட்ரி சார் மார்க் குறைப்பார்!

இதுக்கெல்லாம் வாத்தியார் ரோட்டிலேயே இருக்கார். ஏரி வேலைக்கு வரும் பொக்லைன் வண்டியின் சங்கிலியைப் பாருங்க. எங்கே பளபளப்பு, எங்கே சேறு, கிரீஸ் எங்கே கறுத்திருக்கு? தண்ணி லாரியின் பக்கவாட்டில் துரு எப்படிக் கோடாக வழிஞ்சிருக்கு? (தள்ளி நின்று பாருங்க, வண்டி ஓடும்போது கிட்டே போகாதீங்க.)

வரிசை: கழுவுதல் → பிரைமர் → அக்ரிலிக் நிறம் → ஒரு நாள் காயல் → கிளாஸ் வார்னிஷ் → எண், சின்னம் → வாஷ் → ரெண்டு நாள் காயல் → மேட் வார்னிஷ் → சிப்பிங், பென்சில் → கடைசியில் தூசி.

கட்டாயம் படிக்கவும்!

• டர்பன்டைன், ஸ்ப்ரே ரெண்டும் ஜன்னல் மூடிய ரூமில் கூடாது. அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடவே கூடாது. வீட்டில் வீசிங் உள்ளவங்க இருந்தால் மொட்டை மாடிதான்.

• தூசிப் பவுடர் வேலைக்கு மாஸ்க் போடுங்க. ப்ரஷ் முனையை வாயில் வச்சுக் கூராக்கும் பழக்கத்தை இன்றே விடுங்க.

• பரணில் கிடக்கும் பழைய பெயிண்ட் டப்பாவை எடுக்காதீங்க. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு ஈயமோ! ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

• அழுக்கு டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றாதீங்க, அது அடையாற்றுக்குத்தான் போகும். மூடி போட்ட பாட்டிலில் வச்சால் கசடு அடியில் தங்கிடும். மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். கசடை பேப்பரில் துடைத்து, வெளியில் நல்லா காயவிட்டு குப்பையில் போடலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை

1971 டிசம்பர் 16-ஆம் தேதி, பசந்தர் போரில், ஃபமகுஸ்டா என்ற செஞ்சூரியன் டாங்கியை விட்டு இறங்காமல் போரிட்டு உயிர் விட்டார் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால். வயது 21. பரம்வீர் சக்ரா பெற்றவர். அவர் வண்டியை மாடலாகச் செய்ய யாராவது ஆசைப்பட்டால், அதன் மேல் வைக்கும் ஒவ்வொரு கறையும் ஏன் அங்கே என்று சொல்லத் தெரியணும். அழகுக்காக ஒரு ஓட்டை, ஸ்டைலுக்காக ஒரு துரு என்று வைக்க எனக்கு மனசு வராது. தெரியாத இடத்தைச் சுத்தமாகவே விட்டுடலாம், தப்பில்லை.

ஆரம்பிக்கிறவங்க பச்சை, மணல், கறுப்பு, வெள்ளை என்று நாலே அக்ரிலிக், ஒரு பர்ன்ட் அம்பர் ட்யூப், ஒரு சின்ன டர்பன்டைன், ரெண்டு ப்ரஷ் வாங்கினால் போதும். பிரைமரை நாலு பேர் சேர்ந்து ஒரு கேனாக வாங்கிக்கலாம். சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் கேளுங்க. வரும்போது உங்க வண்டி எந்த ஊர், எந்த நாள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிட்டு வாங்க!



— 11-ஆம் வகுப்பு, அறிவியல் பிரிவு